பரோட்டாவில் பொடி உண்டா?

மாலை ஆறரை மணி. எங்கள் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். பெட்ரோமாக்ஸ் காலம் போய் இப்போது அதில் மின்விளக்குத் தொங்குகிறது. மற்றபடி வண்டி அதே வண்டிதான். ஒரு பக்கம் அடுப்பும் பெரிய இரும்புக் கல்லும் இருக்கும். மறு பக்கம் எண்ணெய் மினுங்கும் தகர மேசை. சற்று நேரத்தில் 'டப், டப்' என்று இரண்டு கைகளாலும் பரோட்டாவை அடிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒருவர் புத்தகத்தை மூடிவிடுவார். அவர் என் தங்கையின் மகன், பத்தாம் வகுப்பு.

சில மாதங்களுக்கு முன் தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பியது. "அந்த மாஸ்டர் மாவில் என்னவோ பொடி போடுகிறாராம். இல்லாவிட்டால் வீட்டில் செய்தால் ஏன் அப்படி வருவதில்லை?" யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வண்டியின் முன் நின்ற கூட்டம் குறைந்துவிட்டது. இரவு பத்து மணி வரை தீர்ந்துபோகும் மாவு, பத்தரைக்கும் மிஞ்சிக் கிடந்தது.

"நிஜமாகவே பொடி இருக்குமா, மாமா?" என்று பையன் கேட்டான்.

"கண்டுபிடிக்கலாமே" என்றேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரார் சொன்ன வாதத்தைக் கவனியுங்கள்: 'பொடி இல்லாமல் அப்படி வராது.' இந்த வாதத்தைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மைதா, உப்பு, தண்ணீர், எண்ணெய் ஆகியவற்றை மட்டும் வைத்து நம்மால் அதே பரோட்டாவைச் செய்ய முடிந்துவிட்டால் வாதம் அங்கேயே உடைந்துவிடும். மாவில்தான் ஏதோ கலப்படம் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, மாஸ்டர் மைதா வாங்கும் அதே கடையில், அதே மூட்டையிலிருந்து இரண்டு கிலோ வாங்கி வந்தோம்.

முதல் நாள் தோல்வி. அரை கிலோ மைதாவைப் பிசைந்து, கால் மணி நேரம் வைத்துவிட்டு, உருட்டித் தேய்த்தோம். கட்டையால் தேய்க்கத் தேய்க்க மாவு ரப்பரைப் போலச் சுருங்கிப் பழைய அளவுக்கே வந்து நின்றது. கையால் பிடித்து இழுத்தோம், கிழிந்தது. சுட்டு எடுத்ததை என் தங்கை தட்டில் போட்டபோது 'ணங்' என்று சத்தம் கேட்டதாகப் பையன் இன்றும் சாதிக்கிறான்.

சரி, ரப்பரைப் போல ஏன் சுருங்கியது? அங்கிருந்துதான் எங்கள் பாடம் ஆரம்பமாயிற்று. நீங்களும் கூடவே செய்து பாருங்கள். அடுப்புப் பக்கம் போகும்போது மட்டும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாவுக்குள் ஒரு வலை

100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 55 மில்லி லிட்டர் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அந்த உருண்டையை வைத்து மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றுங்கள். ஏழெட்டு முறை மாற்றிய பின் தண்ணீர் தெளிந்துவிடும். இப்போது கையில் மிஞ்சியிருப்பதைப் பாருங்கள். மைதாவின் வெண்மை போய், சற்றுப் பழுப்பேறிய, சவ்வு போன்ற ஒரு கட்டி இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். எடை போட்டால் எடுத்துக்கொண்ட மைதாவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். அதிலும் பெரும்பகுதி அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான்.

கழுவிய வெள்ளைத் தண்ணீரில் பள்ளி ஆய்வுக்கூடத்து அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாகும். அப்படியானால் வெளியே போனது ஸ்டார்ச். கையில் தங்கியது கோதுமையின் புரதம். இதற்குக் குளூட்டன் என்று பெயர். லத்தீன் மொழியில் 'பசை' என்று பொருள். இத்தாலியில் பொலோனா நகரத்தைச் சேர்ந்த பெக்காரி என்பவர் 1728-இல் இதே போல மாவைக் கழுவித்தான் இந்தப் பொருளைப் பிரித்துக் காட்டினார். விலங்கின் உடலில் மட்டுமே இருக்கும் என்று அக்காலத்தார் நினைத்த ஒரு தன்மை, ஒரு தானியத்திலும் இருக்கக் கண்டு அவர் வியந்தார். நீங்கள் சமையலறையில் செய்வது ஏறத்தாழ 300 ஆண்டுப் பழமையான சோதனை.

இதையே அரிசி மாவில் செய்து பாருங்கள். உருண்டை முழுவதும் தண்ணீரில் கரைந்து, கையில் எதுவும் மிஞ்சாது. அரிசியில் புரதம் உண்டு. ஆனால் வலை பின்னும் புரதம் இல்லை. இடியாப்பத்தை ஏன் பிழிகிறோம், ஏன் வீசி இழுப்பதில்லை என்பதற்கு இதுவே விடை.

உண்மையில் மைதாவில் குளூட்டன் என்று தயாராக ஒன்றும் இல்லை. கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தனித்தனியே கிடக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போதுதான் அவை ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. குளூட்டெனின் நீண்ட சங்கிலி. அது மாவுக்கு மீள்தன்மையைத் தருகிறது, அதாவது இழுத்தால் திரும்பச் சுருங்கும் குணம். கிளையடின் அந்தச் சங்கிலிகளுக்கிடையே வழுக்கிக் கொடுத்து, மாவை நீள விடுகிறது. பரோட்டாவுக்கு இரண்டும் வேண்டும். வலை பலமாக இல்லாவிட்டால் கிழியும். பலம் மட்டும் இருந்தால் சுருங்கும்.

கோதுமை மாவில் ஏன் இவ்வளவு மெல்லியதாக வீச முடிவதில்லை என்றும் இங்கேயே சொல்லிவிடலாம். அதில் தவிடு இருக்கிறது. தவிட்டின் கூரிய துணுக்குகள் அந்த வலையை அங்கங்கே அறுக்கின்றன. சப்பாத்திக்கு அது குறையே அல்ல. மேசையளவு விரிய வேண்டிய பரோட்டாவுக்கு ஆகாது.

மாவு தூங்க வேண்டும்

இரண்டாவது தோல்விக்குப் பிறகு பையன் நேரே வண்டிக்குப் போய் மாஸ்டரிடமே கேட்டுவிட்டான். எனக்குக் கூச்சமாக இருந்தது. பொடி இருக்கிறதா என்று சோதிக்கும் நாம் அவரிடமே வழி கேட்பதா? அவரோ சிரித்துக்கொண்டே, "மாவு தூங்கணும் தம்பி. நீ எழுப்பிக்கிட்டே இருந்தா அது முறுக்கிக்கிட்டுதான் நிக்கும்" என்றார். அவர் மதியம் இரண்டு மணிக்கே பிசைந்துவிடுவாராம். உருண்டை பிடித்து எண்ணெயில் போட்டு வைப்பது நாலு மணிக்கு. வீசத் தொடங்குவது ஆறரைக்கு.

தூக்கம் என்று அவர் சொல்வதை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒரே மாவில் ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகளை எடுங்கள். ஒன்றைப் பிசைந்த பத்தாவது நிமிடத்தில் 15 செ.மீ. வட்டமாகத் தேய்த்து, ஒரு நிமிடம் கழித்து அதன் விட்டத்தை அளந்து எழுதுங்கள். மற்றொன்றை எண்ணெய் தடவி, ஈரத் துணியால் மூடி, இரண்டு மணி நேரம் கழித்து அதே போலச் செய்யுங்கள். இரண்டு அளவுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை உங்கள் அளவுகோலே சொல்லும்.

என்ன நடக்கிறது? பிசையும்போது புரதச் சங்கிலிகள் இழுபட்டு விறைத்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள பிணைப்புகளில் பல வலுக் குறைந்தவை. விட்டுவிட்டுப் பிடிக்கக் கூடியவை. நேரம் கொடுத்தால், இழுபட்ட இடத்தில் பிணைப்பு விடும். சங்கிலி சற்று நழுவும். வேறிடத்தில் மீண்டும் பிடிக்கும். வலை அறுவதில்லை, விறைப்பு மட்டும் தளர்கிறது. நெருக்கியடித்து ஏறிய பேருந்தில் நாலு நிறுத்தம் போவதற்குள் எல்லாரும் கால் மாற்றி நின்று இடம் பண்ணிக்கொள்வார்களே, அது போலத்தான். இதற்கிடையில் தண்ணீரும் மாவுத் துகள்களுக்குள் சீராகப் பரவிவிடுகிறது.

அந்த எண்ணெய் எதற்கு? மேல்தோல் காயாமல் இருப்பதற்கு. காய்ந்த தோல் நீளாது. முதலில் அதுதான் வெடிக்கும். பிசையும்போது போடும் உப்பு சுவைக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள். உப்பு வலையை இறுக்குகிறது. உப்பில்லாமல் ஓர் உருண்டை பிசைந்து பாருங்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது தெரியும்.

நாங்கள் கடைசியாகக் கைக்கொண்ட அளவு இது. மைதா அரை கிலோ, தண்ணீர் 275 மி.லி., எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி மட்டமாக, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. பதினைந்து நிமிடம் கை வலிக்கப் பிசைய வேண்டும். ஒரு மணி நேரம் மூடி வைத்து, 70 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, எண்ணெய் பூசி, மேலும் இரண்டு மணி நேரம் விட வேண்டும். பதினோர் உருண்டைகள் வரும்.

எத்தனை அடுக்கு?

மாஸ்டர் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, இரண்டு கைகளாலும் தூக்கி மேசை மேல் விசிறுகிறார். இரண்டு மூன்று வீச்சில் அது மேசையளவு விரிந்துவிடுகிறது. அடியில் மேசையின் கீறல்கூடத் தெரிகிறது. நாங்கள் தள்ளி நின்று கண்ணளவாகப் பார்த்தோம். ஏறக்குறைய இரண்டடி, அதாவது 60 செ.மீ. விட்டம். அதன் கனம் எவ்வளவு? அளவுகோலால் அளக்க முடியாது. ஆனால் கணக்கால் அளக்கலாம்.

பிசைந்த மாவின் அடர்த்தியை ஒரு கன செ.மீ.க்கு 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 70 கிராம் உருண்டையின் பருமன் 70/1.2 = 58 கன செ.மீ. 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 × 30 × 30 = 2,826 சதுர செ.மீ. பருமனைப் பரப்பால் வகுத்தால் கனம் சுமார் 0.02 செ.மீ., அதாவது 0.2 மி.மீ. இரண்டு மூன்று தாள்களை ஒன்றாக வைத்த கனம்தான்!

இனி அதைக் கொசுவி, கயிறு போலாக்கி, சுருட்டி, 15 செ.மீ. அகலப் பரோட்டாவாகத் தட்டுகிறார். விட்டம் நான்கில் ஒரு பங்காயிற்று. பரப்பு பதினாறில் ஒரு பங்காயிற்று. ஆகவே அந்தப் பரோட்டாவில் சராசரியாக 16 அடுக்குகள் இருக்க வேண்டும். நாங்கள் கையால் இழுத்து 40 செ.மீ. வரைதான் கொண்டுவர முடிந்தது. அதற்குக் கணக்குப் போடுங்கள். ஏழு அடுக்குதான் வரும். ஒவ்வோர் அடுக்கும் அவருடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். வீட்டுப் பரோட்டாவுக்கும் வண்டிப் பரோட்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிட்டது என்பது என் கருத்து.

அவர் ஏன் வீசுகிறார், ஏன் தேய்ப்பதில்லை? வீசும்போது மாவின் முன் விளிம்பு முதலில் மேசையில் பட்டு ஒட்டிக்கொள்கிறது. மீதி மாவு வந்த வேகத்திலேயே முன்னோக்கிப் போகப் பார்க்கிறது. நியூட்டனின் முதல் விதி! நிற்கும் விளிம்புக்கும் ஓடும் மாவுக்கும் நடுவே தாள் நீள்கிறது. கட்டையால் தேய்த்தால் கட்டை அழுத்தும் இடம் மட்டும் மெலியும். வீச்சில் தாள் முழுதும் ஒரே நேரத்தில் இழுபடும். முதல் முயற்சியிலேயே வீசாதீர்கள். எங்கள் வீட்டு மின்விசிறியின் இறகில் ஒரு பரோட்டா தொங்கிய கதை வேண்டாம். எண்ணெய் தடவிய மேசையில் உருண்டையைக் கையால் தட்டி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுற்றிச் சுற்றி மெல்ல இழுங்கள். அங்கங்கே ஓட்டை விழுந்தால் கவலை வேண்டாம், கொசுவும்போது மறைந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. விரித்த தாளின் மேல் எண்ணெய் தடவி, கத்தியால் நாடா நாடாகக் கீறி, எல்லாவற்றையும் ஒன்றாக வழித்துச் சுருட்டிவிடலாம். வீசத் தெரியாதவர்கள் வீட்டில் அடுக்கு வரவழைக்க இது எளிய உபாயம்.

தாளின் மேல் தெளிக்கும் எண்ணெயை மறந்துவிடக் கூடாது. ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடு ஒட்டிவிடாமல் பிரித்து வைப்பது அதுதான். எண்ணெய் விடாமல் ஒன்றைச் சுருட்டிச் சுட்டுப் பார்த்தோம். எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரே அடுக்காகி, கனத்த சப்பாத்தி ஒன்று கிடைத்தது.

கல்லில் இருக்கும் ரகசியம்

அடுக்கு வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பரோட்டா வெளுத்து, சவசவ என்றிருந்தது. வண்டிப் பரோட்டாவின் பொன்னிறப் புள்ளிகள் எங்கே?

வண்டியில் இருக்கும் கல் விரல் கனமுள்ள இரும்புத் தகடு. அது 20 கிலோ என்றும், நம் வீட்டுத் தோசைக்கல் ஒன்றரைக் கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். 70 கிராம் மாவை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்ற ஏறக்குறைய 3,200 கலோரி வேண்டும். வேகும்போது 5 கிராம் தண்ணீர் ஆவியாகப் போனால் அதற்கு 5 × 540 = 2,700 கலோரி. மொத்தம் 5,900. இரும்பின் தன் வெப்பம் 0.11. ஆகவே வீட்டுக் கல் ஒரு டிகிரி குளிரும்போது 165 கலோரியும், வண்டிக் கல் ஒரு டிகிரி குளிரும்போது 2,200 கலோரியும் கொடுக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பரோட்டாவைப் போட்டதாக எண்ணுங்கள். வீட்டுக் கல்லின் சூடு 36 டிகிரி இறங்கிவிடும். வண்டிக் கல்லுக்கு மூன்று டிகிரிகூட இறங்காது.

நியாயமாகப் பார்த்தால் மாஸ்டர் ஒரே நேரத்தில் பத்துப் பரோட்டா போடுகிறார். அப்போது அவர் கல்லும் 27 டிகிரி இறங்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய அடுப்பின் தீயும் நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிது; இழந்த சூட்டை உடனே ஈடுகட்டிவிடும்.

சூடு இறங்கினால் என்ன கெட்டுப்போகிறது? மாவின் மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் மணமும் வருவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அங்கேதான் மாவின் புரதப் பகுதிகளும் சர்க்கரையும் சேர்ந்து புதிய புதிய மணப்பொருள்களாக மாறுகின்றன. இந்த வினையைப் பிரெஞ்சு நாட்டு மயார் 1912-இல் விளக்கினார். நாம் போட்ட ஒரு தேக்கரண்டி சர்க்கரை இந்த வினைக்குத்தான் உதவுகிறது. கல் மந்தமாக இருந்தால், தண்ணீர் போய் முடிந்து நிறம் ஏறுவதற்குள் உள்ளே ஈரம் முழுதும் வற்றிவிடும். அதுதான் எங்கள் 'ணங்'.

கல் தயாரா என்று பார்க்க வெப்பமானி வேண்டாம். எண்ணெய் தடவுவதற்கு முன், காய்ந்த வெறுங்கல்லில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். அது பரந்து 'சுர்' என்று வற்றினால் போதாது. உருண்டையாகத் திரண்டு, கல்லின் மேல் உருண்டோட வேண்டும். தன் ஆவியின் மேலேயே சொட்டு மிதக்கிறது. கல்லின் சூடு ஏறக்குறைய 200 டிகிரியை எட்டிவிட்டது. 1756-இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதி வைத்தார். நம் பாட்டிமார் அதைக் கல்லில் தினமும் பார்த்தார்கள். எண்ணெய் விட்ட பிறகு மட்டும் தண்ணீர் தெளிக்காதீர்கள், முகத்தில் தெறிக்கும். கல் தயாரானதும் தீயை நடுத்தரமாகக் குறைத்து, ஒன்று ஒன்றாகப் போடுங்கள். ஒன்றை எடுத்த பின் கல்லுக்கு ஒரு நிமிடம் மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

இனி அந்த 'டப், டப்'. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 கன செ.மீ. இடம் கேட்கும். நம் பரோட்டாவின் மொத்தப் பருமனே 58 தான். அந்த ஆவி அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கிக்கொண்டு வெளியேறுகிறது. பூரி போல ஏன் உப்பவில்லை? பூரிக்கு மூடிய வாய்; பரோட்டாவுக்கு நூறு வாய். ஆவி போன பின் அடுக்குகள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். சூடு ஆறுமுன் பக்கவாட்டில் அடித்தால், சுருள் தளர்ந்து, அடுக்குகள் மடங்கிப் பிரிந்து நின்றுவிடும். மாஸ்டர் மூன்று நான்கு பரோட்டாவை அடுக்கி வைத்துக்கொண்டு அடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: கை சுடாது, சூடும் ஆறாது. நீங்கள் ஒரு துணியைப் போட்டு அடியுங்கள். கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் சந்ததியினரும் தங்கள் பரோட்டாவைக் கல்லிலேயே மரத்துடுப்புகளால் அடித்து உதிர்க்கிறார்கள். அதற்கு அங்கே வழங்கும் பெயருக்குக் 'கிழிந்த சட்டை' என்று அர்த்தம்!

தீர்ப்பு

ஐந்தாவது நாள் எங்கள் பரோட்டா உதிர்ந்தது. பொன்னிறப் புள்ளிகளும் இருந்தன. என் தங்கை சால்னா வைத்தாள். பையன் நாலு சாப்பிட்டுவிட்டு, "மாமா, மாஸ்டர் பொடி போடலை" என்று அறிவித்தான்.

நில்லுங்கள். அவன் சொன்னது சரியா? வகுப்பில் ஒருவன் கணக்கில் 100 வாங்குகிறான். 'காப்பியடிக்காமல் 100 வாங்க முடியாது' என்கிறார்கள். இன்னொரு மாணவனைத் தனி அறையில் உட்கார வைத்து எழுதச் சொல்கிறோம். அவனும் 100 வாங்குகிறான். இப்போது முதல் மாணவன் காப்பியடிக்கவில்லை என்று நிரூபித்துவிட்டோமா? இல்லை. ஆனால் அவன்மேல் பழி போட இருந்த ஒரே காரணம் போய்விட்டது. எங்கள் சோதனையும் அவ்வளவே செய்தது. பொடி இல்லாமல் அப்படி வரும் என்று காட்டியது.

மேலே ஒரு படி போகப் பையன் விரும்பினான். தெருவில் பலரும் சொன்ன பொடி, சோடா. சோடா காரத்தன்மை உள்ளது; காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். முதலில் எங்கள் மாவில் ஒரு சிறு பகுதியை எடுத்து, சோடா உப்பு தாராளமாகச் சேர்த்துப் பிசைந்து, மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தடவினோம். செம்பழுப்பு ஏறியது. சோடா சேர்க்காத மாவில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. பிறகு மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி அவர் மாவில் ஓர் உருண்டை கேட்டோம். அவர் முகம் ஒரு கணம் மாறியது. பேச்சு அவர் காதுக்கும் எட்டித்தான் இருந்தது. "எடுத்துக்க தம்பி. எல்லார் முன்னாடியும் பாரு" என்றார். வண்டியின் விளக்கடியிலேயே தடவினோம். சிவக்கவில்லை. நின்று பார்த்த இரண்டு பேர் ஆளுக்கு மூன்று பரோட்டா கேட்டு உட்கார்ந்தார்கள்.

சோடா இல்லை என்று மட்டும்தான் இதற்குப் பொருள். வேறொரு பொடியின் பெயரை நாளைக்கு யாராவது சொன்னால் அதற்கு வேறு சோதனை செய்ய வேண்டும். ஒன்று மட்டும் சொல்வேன்: அவரிடம் பரோட்டா வாங்குவதில் எனக்குத் தயக்கம் இருந்தால் அது பொடிக்காக அல்ல, எண்ணெய்க்காக. எண்ணெய்ப் பாத்திரத்தை முன்னும் பின்னும் எடை போட்டு, பரோட்டா ஒன்றுக்கு எத்தனை கிராம் போயிற்று என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கிலோ கலோரி. மைதாவில் நார்ச்சத்தும் மிகக் குறைவு. பையனின் நாலு பரோட்டாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதும் என் தங்கை அவனுக்கு அந்த வாரம் மறுபடி செய்து தரவில்லை.

அன்று மிஞ்சிய மூன்று பரோட்டாக்களைப் பையன் ஒரு டப்பாவில் போட்டு மாஸ்டரிடம் எடுத்துப் போனான். அவர் ஒன்றைப் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாவு நல்லா ஊறியிருக்கு. கல்லுதான் இன்னும் கொஞ்சம் காயணும்" என்றார். பிறகு டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்து, "இப்ப வேணாம். நாளைக்கு கொண்டா, கொத்திப் போடுறேன்" என்றார்.

ஏன் நாளைக்கு? வெந்த சூட்டில் ஸ்டார்ச் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி இளகுகின்றன. ஆறியதும் ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி வரிசையாக நெருங்கி இறுகுகின்றன. நேற்றைய பரோட்டா விறைப்பது காய்ந்துபோவதால் மட்டுமல்ல. சூடான பரோட்டாவைக் கொத்தினால் நசுங்கிக் களியாகும். இறுகியதைக் கொத்தினால் துண்டு துண்டாக நிற்கும். பிறகு கல்லில் முட்டையோடும் சால்னாவோடும் சூடேறும்போது அந்த இறுக்கம் ஓரளவு திரும்பவும் இளகும். இலங்கையில் கொத்து ரொட்டி, நம் ஊரில் கொத்துப் பரோட்டா என்று தகடு தாளம் போடுவதெல்லாம் இந்த இறுக்கத்தை நம்பித்தான்.

இந்த இறுகும் வேலை அறைச் சூட்டைவிடக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் விரைவாக நடக்கும். ஒரே நாளில் சுட்ட பரோட்டாக்களில் ஒன்றை வெளியே டப்பாவிலும், ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் இரவு முழுதும் மூடி வையுங்கள். மறுநாள் புதிதாக ஒன்று சுட்டு, மூன்றையும் தனித்தனியே கொத்திப் பாருங்கள். எது களியாகிறது, எது உதிர்கிறது, சூடேற்றியபின் எது மீண்டும் மென்மையாகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.